ஆடுதின்னாப்பாளை

“ஆடே தின்னாதுன்னுதான் அந்தச் செடிக்குப் பேரு. அதப் போயி புழு தின்னுட்டு, டீச்சர்.”

பேச்சிமுத்து தாவரவியல் துறை வாசலில் நின்று சொன்னார். முதுகில் மருந்தடிக்கிற டப்பா.

இருபத்திரண்டு வருஷமாக அவர் அந்தக் கல்லூரித் தோட்டக்காரர். தாவரவியல் ஆசிரியை செய்யதலி பாத்திமா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவர் மகளைவிடச் சின்னவள். இந்த மண்ணின் செடிகளை மட்டும் வைத்து ஒரு தோட்டம் போடலாம் என்று அவள் சொன்னபோது, எனக்கும் சொல்லிக்கொடுங்க என்று முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

கேன்டீனுக்குப் பின்னால் ஒரு மூலையை விட்டுக்கொடுத்திருந்தார் முதல்வர். திங்கட்கிழமை நிர்வாகக் குழு பார்க்க வருகிறது. பிடிக்காவிட்டால் கல் பாவி, பைக் ஸ்டாண்டு ஆக்கிவிடுவார்கள்.

இப்போதே மருந்தடித்தால் நாலு துளிராவது மிஞ்சும் என்றார் பேச்சிமுத்து.

பாத்திமா வெளியே வந்தாள். அவரை முன்வாசலுக்குக் கூட்டிப் போனாள். அவர் வளர்த்த குரோட்டன்ஸ் அங்கே வரிசையாகப் பளபளத்தன.

“ஓட்டை விழுந்த இலை ஒண்ணு காட்டுங்க, அண்ணாச்சி.”

அவர் குனிந்து தேடினார். வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பினார்.

“ஒண்ணுகூட இல்ல, டீச்சர். ஒருநாளும் இருந்ததில்ல.”

சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது.

“இத்தன வருஷத்துல, இதத் தேடி யாரு வந்தா?”

பேச்சிமுத்து வரிசையை மறுபடி பார்த்தார். ஒரு பூச்சிகூட அங்கே இல்லை.

பிறகு இருவரும் மூலைக்கு வந்தார்கள். அவள் ஒரு புழுவை இலையோடு எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கறுப்பு உடம்பு, சிவப்புக் கொம்புகள். இந்தச் செடியையும் இதன் உறவுக்கொடிகளையும் விட்டால் இதற்கு வேறு தீனி கிடையாது, தின்று முடித்தால்தான் பட்டாம்பூச்சியாகும் என்றாள்.

நசுக்குவதற்கு அல்லாமல் ஒரு புழுவை அவர் தொட்டதே இல்லை. அது கையில் ஊர்ந்தது. கூசியது. ஆனாலும் கையை உதறவில்லை.

டப்பாவை இறக்கிவைத்தார்.

திங்கட்கிழமை குழு வந்தபோது, இலை இழந்த தண்டுகள்தான் நின்றன. முதல்வர் முகம் சுருங்கியது. கேட்காமல் அவர் முன்னால் பேசியறியாத பேச்சிமுத்து ஓரடி முன்னே வந்தார்.

“ஒரு மாசம் பொறுங்க, சார். சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.”

குழுவில் ஒரு அம்மாள் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. கடைசியில், தீபாவளி வரை இருக்கட்டும் என்றார் முதல்வர்.

அன்று சாயங்காலம் பேச்சிமுத்து வீட்டில் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், புதிதாக வெள்ளையடித்த சுவரில் பேரப்பிள்ளைகள் கரியால் கோடு இழுத்தார்கள் என்று வீடே அதிரச் சத்தம் போட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் பிள்ளைகளோடு வள்ளியூர் போன மகள் பிறகு வரவே இல்லை.

போனை எடுத்தார்.

“லீவுக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டு வா, தாயி.”



“சுவத்துல கிறுக்கிருவானுவப்பா.”

பேச்சிமுத்து சுவரைப் பார்த்தார்.

“கிறுக்கட்டும்மா. அது சும்மாத்தான நிக்குது.”