ஆறாம் விரல் வழக்கு

அரசர்கள் யானை மேல் ஊர்வலம் போன காலம் அது. ஒரு நாட்டு அரசருக்குத் திடீரென ஓர் ஆசை வந்தது. பக்கத்து நாட்டுத் தூதர், தங்கள் காவலர்கள் எல்லாரும் சிற்பி செதுக்கிய சிலை மாதிரி இருப்பார்கள் என்று பெருமை பேசிவிட்டுப் போனதே காரணம்.

"உடலில் குறை உள்ள எவனையும் கோட்டைக் காவலுக்குச் சேர்க்கக் கூடாது" என்று மறுநாளே ஆணை பிறந்தது. பரிசோதிக்கும் பொறுப்பு அரண்மனை வைத்தியர் சஞ்சீவிப் பண்டிதருக்கு. அவர் ஒருவனைச் சொத்தைப் பல் என்றார், இன்னொருவனைத் தட்டைக் கால் என்றார். வந்தவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள்.

மலையடிவாரத்திலிருந்து வந்தவன் கொம்பையன். ஓட்டத்திலும் மல்யுத்தத்திலும் வேல் எறிவதிலும் அவன்தான் முதல். கடைசியில் பண்டிதர் அவனுடைய இடது கையை விரித்துப் பார்த்தார். ஆறு விரல்.

"தகுதியில்லை. அடுத்தவன் வா!"

"சாமி, இந்தக் கையால் எதையும் நான் நழுவவிட்டதே இல்லை. ஒரு தரம் வேல் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்" என்று கெஞ்சினான். பண்டிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அரண்மனைச் சுவரோரம் குந்தியிருந்தவனை விகடகவி அம்பலத்தாடி பார்த்தார்.

"வீட்டுக்குப் போகவில்லையா தம்பி?"

"ஊரே மாலை போட்டு அனுப்பிவைத்தது, ஐயா. எந்த முகத்தோடு போவேன்?"

அம்பலத்தாடி அவனைச் சபைக்கு அழைத்துப் போய் முறையிட வைத்தார். பண்டிதருக்கு முகம் சிவந்தது. அரசர் தம்மிடம் பேசுவதைவிட விகடகவியிடம் அதிகம் பேசுகிறார் என்ற எரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு.

"அரசே! விகடம் பேசுகிறவருக்கு வைத்தியத்தில் என்ன வேலை? ஆறு விரல் குறையல்ல என்று இவர் இன்றே நிரூபிக்கட்டும். இல்லையென்றால் சபையை விட்டு விலகட்டும்."

"சம்மதமா?" என்றார் அரசர்.

"சம்மதம், அரசே. தங்கள் ஆணை குறையைத்தானே விலக்கியது? ஐந்தைவிட ஆறு குறைவா, கூடுதலா?"

சபையில் சிரிப்பெழுந்தது. பண்டிதர் விடவில்லை. "கூடுதலும் குறைதான்! வைத்திய சாஸ்திரம் அறிந்தவன் சொல்கிறேன்!"

அரசரும் அதற்குத் தலையசைத்தார். கொம்பையனின் முகம் வாடிப்போனது.

அப்போது அரசர் வழக்கமாக மருந்து உண்ணும் வேளை வந்தது. பண்டிதர் லேகியக் கிண்ணத்தைப் பணிவோடு நீட்டினார்.

"இது எதற்கு, பண்டிதரே?" என்று அம்பலத்தாடி கேட்டார்.

"மன்னரின் ஆயுளைக் கூட்டுவதற்கு."

அம்பலத்தாடி பாய்ந்து கிண்ணத்தைப் பறித்தார். "உண்ணாதீர்கள், அரசே! கூடுதலும் குறைதான் என்று இப்போதுதானே சொன்னார்! தங்கள் ஆயுளைக் கூட்டுகிறேன் என்று சொல்லிக் குறைக்கப் பார்க்கிறார்!"

பண்டிதர் வெலவெலத்துப் போனார். "இல்லை அரசே, கூடுதல் எப்படிக் குறையாகும்? கூடுதல் நன்மைதான்!"

சொன்ன பிறகுதான் தம் வாயாலேயே அகப்பட்டுக்கொண்டது அவருக்கு உறைத்தது. அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு காவலன் ஒருவனிடமிருந்து வேல் ஒன்றை வாங்கிக் கொம்பையனின் இடது கையில் கொடுத்து, தாமே பிடித்து இழுத்துப் பார்த்தார். வேல் அசையவில்லை.

"கையைப் பார்த்தோம், பிடியைப் பார்க்கவில்லை. தவறு என் ஆணையிலும் இருக்கிறது" என்றவர், அவனை அன்றே காவலில் சேர்த்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்து அம்பலத்தாடிக்குப் போர்த்தினார். "வேறென்ன வேண்டும், கேளும்."

"வீட்டுக்கு அனுப்பிய மற்றவர்களையும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள், அரசே."

பறையறைந்து அழைத்தார்கள். தயங்கித் தயங்கி ஒவ்வொருவராக வந்தார்கள். இம்முறை பண்டிதர் அவர்களை ஓடவிட்டும் பாரம் தூக்கவிட்டும் பார்த்தார். தேறியவர்களும் உண்டு, தேறாதவர்களும் உண்டு.

சோதனைக்கு வந்த அத்தனை பேருக்கும் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு, "உள்ளே வாருங்கள் அண்ணே" என்று சொன்னவன் கொம்பையன்.