செங்கோல் கட்டிய கால்

மாங்குளத்து அரண்மனையில் என் வேலை என்னவென்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. ராஜா சிரித்தால் கூடச் சிரிப்பேன். விருந்து என்றால் முதல் பந்தி. மற்றபடி இந்தக் கொண்டல்ராயன் பெரிய அறிவாளி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

ஒருநாள் வைத்தியக் கல்விச்சாலையில் மேல்படிப்பு படிக்கும் செவ்வந்தி சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, கூகைமலை ஊர்களுக்கு எந்த வைத்தியரும் போறதில்லை. மேல்படிப்பு மாணவர்கள் நாங்க முறைவைச்சுப் போறோம். மருந்து வைக்க ஒரு குடிசை, சுமக்கக் கழுதை, எங்க சாப்பாட்டுச் செலவு, இதுக்கு மட்டும் மானியம் குடுங்க. எங்க அக்கா அங்கே நிறைமாசமா இருக்கா. போன மழையில பக்கத்து வீட்டுக்காரியைப் பிரசவ வலியோட தூளி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. வழியிலேயே செத்துப்போனா."

அவள் குரல் நடுங்கியது. நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ராஜவைத்தியர் சஞ்சீவிநாதர் எழுந்தார். "நோயாளிதான் வைத்தியனைத் தேடி வரணும். நாம தேடிப் போனா மருந்துக்கு என்ன மரியாதை?"

ராஜாவுக்கு இரண்டு பேச்சும் சரியாகப் பட்டன. அவர் எப்போதும் அப்படித்தான்.

"சரி. வைத்தியரைத் தேடி வர முடியாதவங்க நிஜமாவே இருந்தா, அவங்கள்ல ஒருத்தர் இந்தச் சபைக்கு வந்து சொல்லட்டும். மானியம் தர்றேன்."

செவ்வந்தி முகம் வாடிப்போனது. வர முடியாதவள் எப்படி வருவாள்? வந்தாலும், "அதான் வந்துட்டியே" என்பார் வைத்தியர்.

என் வாய் சும்மா இருக்குமா?

"மகாராஜா, சபைன்னா எது?"

"செங்கோல் இருக்கிற இடம்தான் சபை. எங்க தாத்தா காலத்து வழக்கம்."

"அப்போ செங்கோலைக் கூகைமலைக்குக் கொண்டுபோவோம். அவங்க இருந்த இடத்திலேயே சபைக்கு வந்துடுவாங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். சபை மலையேறினால் நானும் ஏறவேண்டும் என்பது மறுநாள் அடிவாரத்தில்தான் உறைத்தது.

பல்லக்கு போகாத பாதை. கையில் செங்கோலோடு ராஜாவே நடந்தார்; பின்னால் வைத்தியரும் செவ்வந்தியும் சபையாரும். நான் பாதித் தூரம் தவழ்ந்தேன். ஊர் எல்லை வந்ததும் நிமிர்ந்து நின்று, "இதெல்லாம் ஒரு மலையா?" என்றேன். கால் வழுக்கியது. நான் போட்ட கூச்சலை எந்த அறிவாளியும் போட்டிருக்க மாட்டான்.

"வைத்தியரே, பாருங்க!" என்றார் ராஜா.

"எலும்பு முறிஞ்சிருக்கு மகாராஜா. மருந்துப்பெட்டி அரண்மனையில இருக்கு. கீழே தூக்கிட்டு வந்தா பார்க்கிறேன்."

"இப்படியே தூக்கினா கால் போயிடும்" என்றாள் செவ்வந்தி. "முதல்ல நேரான கட்டை வைச்சுக் கட்டணும்."

சுற்றிலும் முள்ளுப்புதர்தான். அவள் பார்வை ஓரிடத்தில் நின்றது. ராஜா தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு கொடுத்தார்.

அவள் என் தலைப்பாகையைக் கிழித்துச் செங்கோலைக் காலோடு சேர்த்துக் கட்டினாள். வலி கொஞ்சம் அடங்கியது. உடனே வாய் திறந்துவிட்டது.

"மகாராஜா, செங்கோல் இருக்கிற இடம்தானே சபை?"

"ஆமா."

"அது இப்போ என் கால்ல இருக்கு. வைத்தியர்கிட்ட வர முடியாத நோயாளி சபையிலேயே கிடக்கிறேன், பாருங்க. நீங்க கேட்ட சாட்சி நான்தான். இனி எலும்பு கூடுற வரைக்கும் சபை இந்த ஊர்லதான். எல்லாரும் படுக்க இடம் பாருங்க."

சஞ்சீவிநாதர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மானியம் குடுத்தாச்சு! குடிசையை இன்னிக்கே போடுங்க. முதல் நோயாளி இவன்தான்."

எனக்குப் பரிசும் உண்டு. திட்டத்துக்கு மேற்பார்வையாளன் பதவி. மாதாமாதம் மலையேறிப் பார்த்துவர வேண்டுமாம்.

அந்தக் குடிசையில், என் படுக்கைக்கு அடுத்த தடுப்பில், செவ்வந்தியின் அக்காவுக்குச் சுகப்பிரசவம் ஆனது. ஆண் பிள்ளை. எப்படியும் என் பெயரைத்தான் வைப்பார்கள் என்று மீசையை முறுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

செங்கோலன் என்று வைத்தார்கள்.