பாதி விலைக்கு ஒரு டெக்

ஒரு கடலோர ஊரில், கடைத்தெருவின் நடுவில், நைனா காக்காவின் எலெக்ட்ரானிக்ஸ் கடை இருந்தது. அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில் இரண்டு வீடியோ டெக்குகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இரண்டும் ஒரே கப்பலில் வந்தவை. ஒன்றுக்கு வாய் பெரிது, பெரிய கேசட்டைத்தான் விழுங்கும். மற்றதற்கு வாய் சின்னது, சின்ன கேசட்டைத்தான் விழுங்கும். ஏன் இப்படி இரண்டு விதமாகச் செய்தார்கள் என்று கேட்காதீர்கள். கடல் தாண்டி எங்கேயோ இரண்டு கம்பெனிகளுக்குள் வீம்பு. அவர்கள் வீம்புக்கு நம் ஊர்க்காரர்கள் கடை வாசலில் நின்று முழிக்க வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் இரண்டுக்கும் ஒரே விலைதான். சின்னவனிடம் படம் இன்னும் துல்லியம் என்றுகூடச் சொல்லித்தான் காக்கா விற்றார், அது பொய்யும் இல்லை. ஆனால் ஊரில் கேசட் வாடகைக்கு விடும் கடைகள் மூன்று. முதலில் ஒன்று பெரிய கேசட்டுக்கு மாறியது. அதைப் பார்த்து அடுத்தது மாறியது. மூன்றாவது கடைக்காரர் மட்டும் மாற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து பார்த்தார், ஆறு மாதத்தில் அவரும் மாறினார். சின்னவன் காற்று வாங்க ஆரம்பித்தான். ஒரு நாள் காக்கா சிவப்பு மையில் ‘பாதி விலை’ என்று எழுதி அவன் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனார்.

அந்தச் சீட்டுக்கு வந்த நாளிலிருந்து தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள் என்று ஓயாமல் பெருமை அடித்துக்கொண்டிருந்தது.

“நிற்கிறார்கள், சரி. எதனால் பாதி விலை என்று கேட்கிறார்கள். கேட்டதும் போய்விடுகிறார்கள்” என்றான் சின்னவன். “கூப்பிடுகிறவனும் நீ, விரட்டுகிறவனும் நீ.”

சீட்டு ஒரு ஓரத்தைச் சுருட்டிக்கொண்டது.

பெரியவன் கெட்டவன் இல்லை. விற்றுப் போகிறோம் என்ற மிதப்பு கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். சின்னவன் வாடி உட்கார்ந்திருக்கும்போது, அவன் தன்னைவிடச் சோடை என்று யாரும் சொல்லவில்லை, தன் கேசட் நிறையக் கிடைக்கிறது என்பதுதான் விஷயம் என்று ஆறுதல் சொல்வான். ஆறுதல்தான். ஆனால் அதைக் கேட்டு யாருக்கு வயிறு நிறையும்?

திங்கட்கிழமை காக்கா தம் மெக்கானிக் சகாயத்தைக் கூப்பிட்டார். வியாழன் சாயங்காலத்துக்குள் சின்னவன் விலை போகாவிட்டால், மறுநாள் காலையில் கழற்றி மோட்டாரையும் பெல்ட்டையும் உதிரிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். சகாயம் சரி என்று தலையாட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டான். சின்னவனுக்கு உள்ளே இருந்த ரப்பர் பெல்ட்டெல்லாம் நடுங்கிப் போயிற்று.

அந்த வாரத்தில்தான் ஜொகரா அந்தக் கடைக்கு வர ஆரம்பித்தாள்.

ஜொகராவின் கணவன் சீனி முகமது அரபு நாட்டில், தம்மாமில் வேலை பார்த்தான். போய் இரண்டு வருஷம். அந்த ஊரில் வெளிநாடு போன ஆண்கள் டேப் ரிக்கார்டரில் பேசி ஒலிநாடாவில் கடிதம் அனுப்புவது வழக்கம். சீனி முகமது ஒரு படி மேலே போய், கூட இருப்பவன் ஒருவனின் வீடியோ கேமராவை இரவல் வாங்கி, தானே உட்கார்ந்து பேசிப் பதிந்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டான். சோப்புக்கும் அத்தருக்கும் நடுவே துண்டில் சுற்றி வந்தது ஒரு சின்ன கேசட். கூடவே டெக் வாங்கப் பணம். ஒரு துண்டுக் காகிதம். அதில் இருந்ததே மூன்று சொல்தான்: நீ மட்டும் பார்.

அந்த மூன்று சொல்லில்தான் வந்தது வினை. சின்ன டெக் வைத்திருக்கும் வீடு பக்கத்துத் தெருவில் இரண்டு இருந்தது. ஆனால் அங்கே போய்ப் போட்டால் அந்த வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள், எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொள்ளும். புருஷன் பெண்டாட்டிக்குச் சொன்னதை ஊரே கேட்பதா? நினைத்தாலே அவளுக்குக் காது சூடாயிற்று. கேசட்டை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்து, மூன்று வாரமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மாமியும் நாத்தனாரும் பெரிய டெக்தான் வேண்டும் என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வீட்டுக்கு ஒரே டெக்தான் வாங்க முடியும், வாங்குவதில் நாலு படம் பார்க்க வேண்டாமா? ஒரே ஒரு கேசட்டுக்காக, தோற்றுப் போகிற டெக்கை யாராவது வாங்குவார்களா? ஜொகராவுக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் கேசட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவாள், இரண்டு டெக்குகளையும் மாறி மாறிப் பார்ப்பாள், போய்விடுவாள்.

“என்னைத்தான் பார்க்கிறாள்” என்றது சீட்டு.

“கொஞ்சம் வாயை மூடு” என்றான் பெரியவன்.

வியாழக்கிழமை மதியம், லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வந்து நின்றபோது காக்கா தாமே பேச்சை எடுத்தார். அவர் யார் தலையிலும் எதையும் கட்டுகிற ஆள் இல்லை. சின்னதுக்கு இனி ஊரில் கேசட் கிடைக்காது, பாதி விலை என்று வாங்கிவிட்டு நாளைக்குத் தன்னைத் திட்டக் கூடாது என்று பட்டென்று சொல்லிவிட்டார். ஜொகரா வேறு வழியில்லாமல் கைப்பையைத் திறந்து கேசட்டைக் காட்டினாள். யார் அனுப்பியது, ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் பாதி சொல்லி, மீதியை முழுங்கினாள். காக்காவுக்குப் புரிந்தது. அவர் தம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மேசையடியில் எதையோ ஈயத்தால் பற்ற வைத்துக்கொண்டிருந்த சகாயம் தலையை நீட்டினான். இரண்டு கேசட்டிலும் ஓடுகிற நாடா ஒரே அகலம்தான், அதை இந்தக் கூட்டிலிருந்து எடுத்துப் பெரிய கூட்டில் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது, அக்கா பெரிய டெக்கையே வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

“ஓடுமா தம்பி?”

“நாடா நாடாதானக்கா.”

எல்லாருக்கும் முகம் தெளிந்தது, ஒருவனைத் தவிர. சின்னவனுக்கு இருந்த ஒரே நம்பிக்கையும் சகாயத்தின் விரல் நுனியில் போய்விட்டது.

சகாயம் நாலு திருகாணியைக் கழற்றினான். இருட்டிலேயே கிடந்த நாடா வெளிச்சத்துக்கு வந்ததும் கூசிப் போய்ச் சுருண்டது. தன்னை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அலமாரியைப் பார்த்துக் கேட்டது. என் வயிற்றுக்குத்தான் என்றான் பெரியவன்.

“அகலம் சரியாக இருக்கும். ஆனால் என் மேல் இருப்பது சின்னவன் வீட்டுக் கையெழுத்தாயிற்றே. உனக்கு வாசிக்க வருமா?” என்றது நாடா.

பெரியவன் யோசித்தான். எழுத்துக் கூட்டியாவது படித்துப் பார்க்கிறேன் என்றான். சொல்லும்போதே அவன் குரலில் சுருதி இல்லை.

சுற்றி முடிக்கவும் தொழுகைக்குப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. காக்கா டி.வி.யைப் பெண்கள் உட்காரும் நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தார். தாம் பள்ளிவாசலுக்குப் போவதாகவும், சகாயம் டீக்கடைக்குப் போவதாகவும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனால் ஒருவரும் உள்ளே வர மாட்டார்கள் என்றும் சொன்னார். அந்த ஊரில் தொழுகை நேரத்தில் கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள்.

ஜொகரா தனியே உட்கார்ந்து பட்டனை அமுக்கினாள். பெரியவன் நாடாவை இழுத்தான். திரை முழுக்கப் பொரி பொரியாகக் கொட்டியது. ஒரு உறுமல் கேட்டது. அவள் முன்னால் ஓட்டிப் பார்த்தாள், பின்னால் ஓட்டிப் பார்த்தாள். பொரியும் உறுமலும்தான். கூட்டை மாற்றியதில் எல்லாம் அழிந்துபோயிற்று என்று நினைத்தாள். மூன்று வாரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தன் கையாலேயே கொடுத்துக் கெடுத்துவிட்டோமே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“எனக்கு ஒரு எழுத்தும் ஓடவில்லை” என்றான் பெரியவன். அவனுக்கு அவமானமாக இருந்தது. “இந்தத் தெருவிலேயே பெரிய ஆள் என்று இருந்தேனே.”

திரும்பி வந்த சகாயத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

“அதை அதோட கூட்டுலயே திருப்பிப் போட்டுருங்க தம்பி” என்றாள் ஜொகரா.

சகாயம் போட்டான். அவசரத்தில் ஓரிடத்தில் நாடா மடங்கியும் போயிற்று. நீவி நீவிப் பார்த்தான், மடிப்பு முழுசாகப் போகவில்லை. வேலை முடிய சாயங்கால அசர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. காக்கா சின்னவனை அலமாரியிலிருந்து இறக்கி டி.வி.யோடு இணைத்தார். வாங்க வேண்டும் என்றில்லை, நாடாவில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் பாரும்மா என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். சகாயம் இந்தத் தடவை டீக்கடைக்குப் போகவில்லை. வெளியே படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

சின்னவன் கேசட்டை வாங்கிக்கொண்டான். திரை ஒரு தடவை நெளிந்தது. அப்புறம் சீனி முகமது வந்தான். இளைத்திருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. முதலில் கேமராவை முடுக்கிவிட்ட கூட்டாளியைப் பார்த்து, நீ கொஞ்சம் வெளியே போடா என்றான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் முன்னால் குனிந்து பேச ஆரம்பித்தான். அவன் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. அவள் மட்டும் பார்க்க அனுப்பியது அது. ஜொகரா நாற்காலியை விட்டு இறங்கி, மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே ஓரிடத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். அதுதான் கதை.

பாதி ஓடியிருக்கும். நாடா சின்னவனிடம் மெதுவாகச் சொன்னது: “இன்னும் கொஞ்ச நேரத்தில் உன்னைப் பற்றி ஒரு பேச்சு வரும். நல்ல பேச்சு இல்லை. நான் மடங்கிக் கிடக்கிறதும் அந்த இடத்தில்தான். அங்கே நீ லேசாகக் கடித்தால் போதும், நாலு வார்த்தை போய்விடும். ஒருத்தரும் உன்னைச் சொல்ல மாட்டார்கள். சகாயத்தைத்தான் சொல்வார்கள்.”

சின்னவன் அலமாரியைப் பார்த்தான். பெரியவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். சீட்டு மட்டும், கடித்துவிடு, நாளைக்குக் காலையில் திருகாணி கழற்ற வருகிறான் தெரியுமில்லையா என்று நெற்றியிலேயே இருந்துகொண்டு நச்சரித்தது.

பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். இதற்கு முன்னால் இந்தக் கடையில் கழற்றிப் போட்டவர்களின் உதிரிகள் மேசையடியில் டப்பாவில் கிடப்பதை அவன் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் எதிரே ஒரு பெண் ஒரு சொல்லும் சிந்திவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வந்ததில் நாலு சொல்லைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

மடிப்பு வந்தது. சின்னவன் ஓட்டத்தைக் கெடுக்காமல், பிஞ்சுக் குழந்தையின் விரலைப் பிடிக்கிற மாதிரி நாடாவைப் பிடித்துக் கடத்தினான். திரையில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. குரல் விழவில்லை. சீனி முகமதுவின் குரலிலேயே, ஓரெழுத்தும் விழுங்காமல், சின்னவன் சொன்னான்:

“ஜொகரா, டெக் வாங்கும்போது பெரிய கேசட் போடுறதாப் பாத்து வாங்கு. சின்னதைப் பாதி விலைக்குத் தாரேன்னு தள்ளிவிடப் பாப்பாக. ஏமாந்துறாத புள்ள. அது தோத்துப் போன சாமான்.”

தான் எந்தக் கேசட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. என்ன செய்வது, சில பேர் அப்படித்தான்.

ஜொகரா முதலில் திகைத்தாள். அப்புறம் சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் இருமலும் வந்துவிட்டது. வெளியே படியில் இருந்த சகாயம் பதறிப்போய், அக்கா தெரியுதா, தெரியுதா என்று குரல் கொடுத்தான். தெரியுது தம்பி என்றாள். முழுதும் ஓடி முடிந்ததும் பின்னால் சுற்றி மறுபடியும் போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். மூன்று தடவையும் சின்னவன் அந்த இடத்தைத் தடுக்காமல் சொன்னான். மூன்றாவது தடவை அந்த வெள்ளைக் கோடுகூட மெலிந்துபோயிருந்தது.

காக்கா ஷட்டருக்கு வெளியே நின்று இருமி, கொஞ்சம் பொறுத்து உள்ளே வந்தார். அவள் முகத்தைக் கழுவின மாதிரி துடைத்துக்கொண்டு நின்றாள். நெற்றிச் சீட்டை அவளே உரித்து மேசைமேல் வைத்தாள். அது அங்கே போய்க் கிடந்தும் ஏதோ முணுமுணுத்தது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“இதையே கட்டிக் குடுங்க காக்கா.”

காக்கா மலைத்துப் போனார். மாமிக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டார். மிச்சமாகிற பாதியை மாமி கையில் கொடுத்துவிடுவதாகவும், பெரியதைக் கணவன் வரும்போது கொண்டு வரட்டும் என்று சொல்லிக்கொள்வதாகவும் ஜொகரா சொன்னாள். அப்போதும் காக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

“இன்னொரு தடவ யோசிச்சுக்கம்மா. ஒம் மாப்பிள்ளை இதப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாக. பெரிசத்தான் வாங்கணும்னாக” என்றாள் ஜொகரா. சின்னவனின் முதுகில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். “அதையும் மறைக்காம இதுதான் காக்கா எனக்குச் சொல்லுச்சு.”