வேன் ஆயா எண்ணிய தலைகள்

தொண்டர் தேர்வுக்கான மலையேற்றம் முடிந்ததுமே, தேர்வுக்கு வந்திருந்த பள்ளி வேன் ஆயா பிலோமினா, "சார், ஒரு விஷயம்..." என்று வாயெடுத்தாள்.

"கேட்டா மட்டும் பேசு!" என்றார் தணிகாசலம். பிள்ளைகளை இரவு முகாமுக்கு அழைத்துப்போகத் தகுதியான தொண்டர்களைத் தேர்ந்தெடுக்க வந்த அதிகாரி. கழுத்தில் விசில், மார்பில் ஒன்பது பதக்கம். "வேன்ல ஏத்தி இறக்குற உனக்கு முகாம் நடத்த என்னம்மா தகுதி இருக்கு? இந்த நிமிஷமே காட்டு பார்ப்போம்!"

"எத்தனை பேரைக் கூட்டிட்டுக் கிளம்பினீங்க, சார்?"

"பன்னிரண்டு."

"எண்ணுங்க."

பதினொன்று. மறுபடி எண்ணினார். அதே பதினொன்று. மனுஷனுக்கு வியர்த்துவிட்டது.

"ஓடைக்கரையில செருப்பு அறுந்து நின்னவரைக் காணோம். அதைத்தான் சொல்ல வந்தேன். தலை எண்ணாம நான் வேன் கதவைச் சாத்துறதில்ல, சார்."

தணிகாசலம் அவசரமாகத் தேர்ச்சிச் சான்றிதழை அவளிடம் நீட்டினார்.

"அது இருக்கட்டும் சார், கதவு இன்னும் திறந்தே கிடக்கு" என்று ஓடைப்பக்கம் இறங்கினாள் பிலோமினா.