ஊஞ்சக்காட்டுப் பால்

செங்கோடன் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வழிகாட்டியாக வாய்த்த பூங்கோதைக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. மாணவர் ஆசிரியரை "மேடம்" என்பார். ஆசிரியர் மாணவரை "அண்ணா" என்பார். உணவியல் துறையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

அதற்கு முன்பு செங்கோடன் ஒரு பால் பண்ணையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தார். பாதி வாழ்க்கை பால் கேனுக்குள் எட்டிப் பார்த்தே போயிற்று. பாலைக் கண்டால் முதலில் முகர்வார், பிறகு நாக்கில் ஒரு சொட்டு, பிறகு லாக்டோமீட்டர். கல்யாண வீட்டுப் பாயசத்தையும் அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று மனைவி மயிலாத்தாள் சொல்வாள். பொய் இல்லை. தண்ணீர் கலந்த பால் அவரிடம் தப்பியதே கிடையாது. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு, மறைக்கத்தான் தெரியாது.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஊஞ்சக்காட்டுப் பால் முழி பிதுங்க வைத்தது.

இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் ஒரு டம்ளர் பால் கொடுக்க வேண்டும், ஒரு வருஷம் கழித்து உயரமும் எடையும் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி அவ்வளவுதான். மேக்காட்டூருக்குப் பால் நகரத்திலிருந்து வண்டியில் வந்தது. ஊஞ்சக்காட்டுக்குச் செங்கோடன் ஒரு யோசனை சொன்னார். அங்கே வீட்டுக்கு வீடு மாடு இருக்கிறது. எதற்கு வண்டி, எதற்கு டீசல், எதற்கு பிளாஸ்டிக் கவர்? ஊர்ப் பாலையே வாங்கி ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போகிறது. பூங்கோதைக்கும் அது பிடித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது பின்வரிசைக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். செங்கோடன் அன்று மேடையைவிட்டு இறங்கவே மனமில்லாமல் நின்றார்.

வருஷம் முடிந்தது. மேக்காட்டூர்ப் பிள்ளைகள் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஊஞ்சக்காட்டில் ஒன்றையும் காணோம். பால் குடிக்காத ஊர்ப் பிள்ளைகள் எப்படி இருப்பார்களோ அப்படியே இருந்தார்கள்.

இரண்டு நாளில் நிதி கொடுக்கிற குழு வரப்போகிறது. பலன் இல்லாத ஊரில் பாலை நிறுத்திவிடுவார்கள். செங்கோடனைக் கண்டால் "பால் மாமா" என்று ஓடிவருகிற கூட்டம் அந்த ஊரில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் போய் நாளையிலிருந்து பால் இல்லை என்று அவர்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் பூங்கோதையின் அறைக்குப் போனார்.

"பாலுல ஒரு குத்தமும் இல்லீங்க மேடம். மறுபடியும் பார்த்துட்டேன்."

"சரிங்கண்ணா."

"பிள்ளைங்க கீழ ஊத்தறதும் இல்லீங்க. பக்கத்துலயே நின்னு பார்த்தேன்."

"சரி."

"பூச்சி மாத்திரையும் குடுத்தாச்சு. பின்ன ஏனுங்க வளரல? பாலு நல்லதா, இல்லீங்களா? அதையாவது சொல்லுங்க."

 "பாலு யார் யாருங்கண்ணா ஊத்தறாங்க?" என்று கேட்டார் பூங்கோதை.

செங்கோடனுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "ராசாமணி ஊடு, கோயில்காரங்க ஊடு, கெணத்துமேட்டுல மூணு ஊடு. இப்படி ஊருல எல்லா ஊடுமே ஊத்தறாங்க. ஒரு சொட்டு ஊர விட்டு வெளிய போறதில்லீங்க மேடம். அத்தனையும் பள்ளிக்கூடத்துக்குத்தான்."

பூங்கோதை பேனா மூடியைத் திருகினார்.

"அத்தனையுமா?"

"அத்தனையுமுங்க."

 செங்கோடனுக்குப் பொறுமை போய்விட்டது. "பேசாம ஊஞ்சக்காட்டை ஆய்வுல இருந்தே எடுத்துரலாமுங்களா? மேக்காட்டூர மட்டும் காட்டினா நம்ம பேராவது மிஞ்சும்."

"எடுத்தா அங்க பாலு நிக்காதுங்களா?"

"ஆய்வுலயே இல்லாத ஊருக்கு யாருங்க பாலு குடுப்பாங்க? நிக்கத்தான் நிக்கும்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிப்போயிற்று.

"இன்னைக்கு என்ன சாப்பாடுங்கண்ணா?" என்றார் பூங்கோதை.

செங்கோடனுக்குக் கோபம் வந்தது. இங்கே தலை போகிற கவலையில் நிற்கிறேன், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்களே என்றிருந்தது. இருந்தாலும் ஆசிரியர் ஆசிரியர்தானே. "கம்பஞ்சோறுங்க."

"தொட்டுக்க?"

"சின்ன வெங்காயமும் தயிருமுங்க. தயிரு தனியா தூக்குல இருக்குது. ஏனுங்க?"

"சும்மா கேட்டேன்."

செங்கோடன் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்துப் பூங்கோதையே அவரைத் தேடி வந்தார். கையில் ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர். நிறையத் தயிர், மேலே உப்பும் கிள்ளிப்போட்ட கறிவேப்பிலையும்.

"வாடிப் போயிருக்கீங்க. இதக் குடிங்கண்ணா."

செங்கோடனுக்கு நெகிழ்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கோபப்பட்டதை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது. வழக்கப்படி முகர்ந்து பார்த்தார். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்.

"அருமைங்க மேடம். எருமைத் தயிரு. புளிப்பே ஏறல. அப்படியே எங்க ஊட்டுத் தயிராட்டவே இருக்குதுங்க."

"இருக்கட்டும், குடிங்க."

ஒரே மூச்சில் குடித்து முடித்து நன்றி சொன்னார். பூங்கோதை டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் சாப்பாட்டு அறையில் செங்கோடன் பாத்திரத்தைத் திறந்தார். கம்பஞ்சோறு இருந்தது. வெங்காயம் இருந்தது. தயிர்த் தூக்கைத் திறந்தால், அது கழுவித் துடைத்துப் பளபளவென்று காலியாக இருந்தது.

எதிரே உட்கார்ந்து பூங்கோதை சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என் தயிரக் காணோமுங்க மேடம்."

"காலையில குடிச்சீங்களே."

"அது நீங்க குடுத்ததுங்களே!"

"ஆமாங்கண்ணா. நாந்தான் குடுத்தேன்."

செங்கோடன் தூக்கைப் பார்த்தார், ஆசிரியரைப் பார்த்தார். "என் தூக்குல இருந்து எடுத்தா குடுத்தீங்க?"

"நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க. நன்றிகூடச் சொன்னீங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். செங்கோடனும் சிரிக்கத்தான் பார்த்தார். ஒரு பிடி கம்பஞ்சோற்றை உருட்டி வாயில் போட்டார். தயிர் இல்லாமல் அது தொண்டையில் இறங்குமா? அங்கேயே அடைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினார். அடுத்த பிடியை உருட்டினவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

உருட்டிய பிடியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஊஞ்சக்காட்டுக்குப் போய்ச் சேரும்போது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. ஒரு வருஷமாக அந்த ஊருக்கு வருகிறார். பள்ளிக்கூடத்து வாசலில் கேன் வைத்துப் பாலைப் பார்ப்பார், திரும்பிப் போவார். எந்த வீட்டுப் படியும் ஏறினதில்லை. இன்றைக்குத்தான் ராசாமணி வீட்டு வாசலில் போய் நின்றார்.

ராசாமணி பதறிப்போய் வந்தாள். "வாங்ணா. பாலுல ஏதாச்சும் கொறைங்களா? சத்தியமா தண்ணி ஊத்தலீங்ணா. நம்ம புள்ளைங்க குடிக்கறதுல ஊத்துவமுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க அம்மிணி. வெயிலுல வந்தது தாகமா இருக்குது. ஒரு டம்ளர் மோரு குடுங்க."

யார் வந்தாலும் முதலில் மோர் கொடுத்துவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுகிற ஊர் அது. ராசாமணிக்கு முகம் சுண்டிவிட்டது.

"மோரு இல்லீங்ணா. தண்ணி கொண்டாறேன்."

"பக்கத்து ஊட்டுல கேட்டுப் பாருங்களேன்."

"பக்கத்து ஊட்டுல மட்டும் ஏதுங்? உறை ஊத்தறதுக்குத் துளி மோரு வேணும்னாக்கூட இப்ப எந்த ஊட்டுலயும் கிடைக்காதுங். பாலு பூராவும் உங்க கேனுக்கு ஊத்திடறமுங்களே. வர்ற காசு மாட்டுத் தீவனத்துக்கே சரியாப் போயிருதுங்."

உள்ளே ராசாமணியின் மகள் தர்ஷினி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் கம்பஞ்சோறு. மேலே வெறும் தண்ணீர், ஓரத்தில் ஒரு மிளகாய். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு, "பால் மாமா!" என்று எழுந்து வந்தாள்.

"முன்னெல்லாம் இவ எதுல கரைச்சுச் சாப்பிடுவா?" என்று கேட்டார் செங்கோடன்.

"மோருலதானுங். காலையிலயும் ராத்திரியும் மோரு ஊத்தினா வழிச்சு வழிச்சுத் திம்பா. நெய்யும் ஒரு சொட்டு விடுவேன். இப்பத்தான் நீங்க இஸ்கூல்லயே பாலு குடுக்கறீங்களே, பின்ன ஊட்டுல எதுக்குங்? இப்ப வெறுஞ்சோத்தப் பாதி திங்கறதுக்கே மொண்டு புடிக்கறா." ராசாமணி மகளின் தலையைத் தடவினாள். "உங்க புண்ணியத்துல பாலாவது குடிக்கறாளுங்ணா."

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மனதார வாழ்த்துகிறாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. பைக்குள் இருந்த லாக்டோமீட்டர் இடுப்பில் இடித்தது. அந்த ஊர்ப் பாலை அவர் பார்க்காத நாளில்லை. பால் போன பிறகு வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பூங்கோதை வருவதற்கு முன்பே செங்கோடன் அவருடைய அறை வாசலில் நின்றார். பார்த்ததை எல்லாம் சொன்னார். 

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா மேடம்?"

"நேத்து 'அத்தனையும்'னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் சந்தேகம் வந்துது."

"வாய்விட்டே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருந்தா பாலத்தான் இன்னொருக்காப் பார்த்திருப்பீங்க."

செங்கோடன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் குழு முன்னால பூராத்தையும் சொல்லிடறனுங்க. ஊட்டுக்கு உறை ஊத்தினது போக மிச்சத்தை மட்டும் வாங்குவோம், பத்தாததுக்கு வண்டிப் பாலு வரட்டும். பிள்ளைங்களுக்கு நிறுத்தாதீங்கன்னு கால்ல விழுந்தாவது கேக்கறேன்."

"வண்டி, டீசல், பிளாஸ்டிக் கவர்?"

"வரட்டுமுங்க. அதெல்லாம் வேண்டாம்னு சொல்லித்தானுங்களே கைதட்டு வாங்கினேன். இப்பத் திட்டும் நானே வாங்கிக்கறேன்."

பூங்கோதை முதல் தடவையாகச் சிரித்தார். செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணுதானுங்க ஒதைக்குது. அந்தக் குழுத் தலைவரு சுத்தி வளைச்சுப் பேசற ஆளில்ல. ஒரு வருஷமா ஊஞ்சக்காட்டுப் பிள்ளைங்களுக்கு என்னதான் குடுத்தீங்கன்னு நேராக் கேப்பாரு. பாலு அவங்க ஊட்டுது, அதைக் குடுத்தோம்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

பூங்கோதை மேசைமேல் பார்த்தார். முந்தின நாள் தயிர் ஊற்றிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர் அங்கேயே இருந்தது. அதை எடுத்துச் செங்கோடன் முன்னால் வைத்தார்.

"டம்ளர் குடுத்தோம்னு சொல்லுங்கண்ணா."