நாய்க்கு நன்றி சொன்னவர்

"ஒரு கெட்டவனால நாம உயிர் பிழைச்சிருந்தா, அவனுக்கு நன்றி சொல்லலாமா சாமி?"

கேட்டவர் மாசிலாமணி. கல்லூரியில் முப்பத்து நாலு வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று.

பதில் சொல்ல வேண்டியவர் கீரைச்சாமி. இவரைவிட இருபது வயது சின்னவர். டவுன் பஸ் கண்டக்டராக இருந்து, ஒருநாள் பையைக் கழற்றி டெப்போவில் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் குடிசை போட்டவர். எப்போது போனாலும் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார் என்பதால் அந்தப் பெயர். இன்றைக்கும் யாராவது வாசலில் தயங்கி நின்றால், "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்பார். அதைப் பெரிய உபதேசமாக நோட்டில் எழுதிக்கொண்டு போனவர்களும் உண்டு.

"உள்ள வாங்க ஐயா. அந்தக் கீரைக் கட்டை இந்தப் பக்கம் நகர்த்துங்க."

மாசிலாமணி முளைக்கீரைக் கட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். மடியில் ஒரு துணிப்பை.

அவர் மனைவி செவந்தி உள்ளே வரவில்லை. "இது இங்கிலீஷ் சமாச்சாரம், உனக்குப் புரியாது, இங்கேயே இரு" என்று அவரே அவளைப் புளியமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தார்.

"யாரு அந்தக் கெட்டவன்?"

பையிலிருந்து இரண்டு தடித்த புத்தகங்கள் வந்தன. ஒன்று பழசு, ஓரமெல்லாம் பழுப்பேறியது. மற்றது புத்தம் புதுசு.

"பழசு நாவல். நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல ஒருத்தர் எழுதினது. புதுசு, அவரோட வாழ்க்கை வரலாறு."

"சரி."

"இருபத்துநாலு வயசுல எனக்குக் காசநோய் சாமி. கல்யாணம் ஆகி மூணு மாசம். ஏழு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன். பக்கத்துக் கட்டில் ரெண்டு தடவை காலியாச்சு. அடுத்தது நான்தான்னு நினைச்சேன். இந்த நாவல் மட்டும் கையில இருந்துச்சு. நாளைக்கு அடுத்த அத்தியாயம் இருக்கே, அதுக்குள்ள சாகக் கூடாதுன்னு மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. மூணு தடவை படிச்சேன். பிழைச்சேன்."

"நல்லது."

"அன்னைக்குப் பிடிச்ச பழக்கம். இங்கிலீஷ் எழுத்தாளர்கள் வாழ்க்கை வரலாறு ஒண்ணு விடாம படிப்பேன். நமக்கு உயிர் கொடுத்தவங்க யாரு, எப்படி இருந்தாங்கன்னு தெரிஞ்சுக்காம இருக்கலாமா? நான் கும்பிடுற கும்பிடு அதுதான் சாமி. இவரோட முழு வரலாறு மட்டும் போன மாசம்தான் கைக்குக் கிடைச்சுது."

சொல்லிவிட்டுப் புதுப் புத்தகத்தைத் தள்ளி வைத்தார்.

கீரைச்சாமி ஒரு பிடி கீரையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "பேசிக்கிட்டே ஆயுங்க."

மாசிலாமணி ஆய்ந்தார். பழக்கமில்லாத கை. இலையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்டை முறத்தில் வைத்தார்.

"ஆயிரம் பக்கத்துக்கு மேல நாவல் சாமி. அதைப் பெண்டாட்டிதான் கையால பிரதி எடுத்திருக்கா. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. அவர் அடிச்சுத் திருத்தத் திருத்தத் திருப்பி எழுதியிருக்கா. ஒரு வரி விட்டுப்போச்சுன்னு விருந்தாளிங்க முன்னாடி அந்த அம்மாவைக் கேவலமாப் பேசியிருக்கார். கடைசியில முன்னுரை எழுதுறார். யாருக்கெல்லாம் நன்றி சொல்றார் தெரியுமா?"

"யாருக்கு?"

"டாக்டருக்கு. தோட்டக்காரனுக்கு. அப்புறம், கூடவே நடக்க வந்ததுக்காக, நாய்க்கு!"

கீரைச்சாமி சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க சாமி. நாய்க்கு ரெண்டு வரி. பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை இல்லை. படிச்சதிலேர்ந்து நாவலைத் தொட முடியலை. தொட்டா கை கூசுது. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதை எல்லாரும் சொல்லிட்டாங்க."

"நான் சொல்லலையே. பார்க்கத்தான் வேணும். நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேன். அதான் இதை இங்க விட்டுட்டுப் போகலாம்னு கொண்டுவந்தேன். வீட்டுல வச்சுக்க மனசு ஒப்பலை. எரிக்கவும் கை வரலை."

சொல்லும்போதே பழைய புத்தகத்தின் முதுகை அவர் விரல் தடவிக்கொண்டுதான் இருந்தது. பெற்ற பிள்ளையை விடுதியில் விட வந்தவர் மாதிரி இருந்தார், பாவம்.

"நாவலை எழுதி முடிச்ச அன்னைக்கு அவர் என்ன பண்ணினார்?" என்று கேட்டார் கீரைச்சாமி.

"மார்ச் பதினொண்ணு. காலையிலேர்ந்து மழை. மத்தியானம் ஆட்டுக்கறி சாப்பிட்டார். நாயைக் கூட்டிக்கிட்டு நடக்கப் போனார். அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் பிரதி எடுத்துட்டிருந்தா. விரல் வீங்கித் துணி சுத்தியிருந்தா."

"மழை பெய்ஞ்சது வரைக்கும் தெரிஞ்சிருக்கே."

"படிச்சிருக்கேன்ல சாமி." கொஞ்சம் பெருமை வரத்தான் செய்தது.

கீரைச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு பழைய புத்தகத்தை எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அட்டையைத் திறந்து முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் வரிசையாக ஊதா முத்திரைகள்.

"இது மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரியுது. நவம்பர் ஒன்பது. நவம்பர் இருபத்திமூணு. டிசம்பர் ஏழு. டிசம்பர் இருபத்தியொண்ணு. என்ன இது? டிக்கெட்டா?"

"இல்ல சாமி, அது நூலகத்துப் புத்தகம். பின்னாடி அவங்க கழிச்சுப்போட்டப்போ தேடிப்பிடிச்சு நான் வாங்கினேன். அந்தக் காலத்துல பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டிப் புது முத்திரை வாங்கணும். காட்டலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

"பதினாலு இருக்கு."

"ஏழு மாசம் இருந்தேனே."

"நீங்க கட்டில்ல இருந்தீங்க."

"ஆமா."

"நூலகம்?"

"டவுன்ல. ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியில, ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்ப யாரு போனது?"

மாசிலாமணியின் கை கீரையில் நின்றுவிட்டது.

"டிசம்பர் ஏழு," என்றார் கீரைச்சாமி. "அன்னைக்கு மழையா?"

மாசிலாமணி குனிந்து அந்த முத்திரையைப் பார்த்தார்.

"தெரியலை சாமி," என்றார். "ஆனா அன்னைக்குச் செவந்தியைத் திட்டினேன். புத்தகம் நனைஞ்சு வந்துச்சுன்னு திட்டினேன். வார்டே திரும்பிப் பார்த்துச்சு."

கீரைச்சாமி புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தார். முறத்தைத் தன் பக்கம் இழுத்து, அவர் வைத்த தண்டுகளையெல்லாம் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். அதற்குமேல் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாசிலாமணி எழுந்தார். புதுப் புத்தகத்தை எடுக்க மறந்துவிட்டார்.

புளியமரத்தடியில் செவந்தி அவர் செருப்புகளை நிழலுக்கு நகர்த்தி வைத்திருந்தாள்.

"என்னங்க, புக்கை சாமி வாங்கிக்கலையா?"

அவர் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டி அழுக்காகும் என்றுகூடப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திறந்து ஒரு முத்திரையில் விரலை வைத்தார்.

"இந்த நாள் ஞாபகம் இருக்கா? டிசம்பர் ஏழு. புக்கு நனைஞ்சு வந்துச்சு."

"அதை எப்படி மறக்கிறது? பாலத்துக்கு மேல தண்ணி போச்சு. பஸ்ஸு விடலை. முத்திரை வாங்கிட்டு வந்தவ அக்கரையில நின்னேன். நாலு பேரு கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினாங்க, நானும் இறங்கிட்டேன். இடுப்பு வரைக்கும் இழுக்குது. ஒரு கையில கஞ்சி வாளி, ஒரு கையில தலைமேல புக்கு. பிடிச்சுக்கக் கை வேணுமே. வாளியை விட்டுட்டேன்."

"வாளியையா?"

"பசியோட இருப்பீங்கன்னு தெரியும். ஆனா கஞ்சி கொடுத்தா பாதி வச்சிடுவீங்க. இந்த புக்கைக் கொடுத்தா கண்ணு முழிச்சு உட்காருவீங்க. அதான் இதை விடலை." அவள் சிரித்தாள். "அப்படியும் ஓரம் நனைஞ்சுடுச்சு. சத்தம் போட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டார்.

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்? சாமி என்ன சொன்னாரு?"

நாற்பத்தேழு வருஷத்துக்கு அப்புறம் மாசிலாமணி அவள் கையைப் பிடித்து, அவள் விரலை அடுத்த முத்திரையின் மேல் வைத்தார்.

"டிசம்பர் இருபத்தியொண்ணு," என்றார். "சொல்லு செவந்தி. எனக்கு ஒண்ணும் தெரியாது."