ஏடு பிடித்த கைகள் வெறுங்கையான கதை

அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரியாததுகள்கூட வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தன. இன்றைக்கு நம் உடம்பின் உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஓர் அடுப்பு வீடு இருக்கிறதே, அது அப்போது யாருக்குள்ளும் குடியிருக்கவில்லை. கடல் தண்ணீரில் தன் பாட்டுக்குத் திரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் எண்ணெய்ச் சுவர், உள்ளே தண்ணீர், நடுவில் ஓர் ஏட்டுக்கட்டு. அந்த வீட்டில் யார் எப்படி உண்டாக வேண்டும் என்பதெல்லாம் அந்த ஏடுகளில்தான் எழுதியிருந்தது.

ஏட்டுக்குக் காவல் இரண்டு சகோதரிகள். பெரியபிடி, சின்னப்பிடி என்று பேர். இருவரும் புரதங்கள், முதுகோடு முதுகு ஒட்டிப் பிறந்தவர்கள். ஒரே நேரத்தில் பிறந்தவர்களில் பெரியது ஏது, சின்னது ஏது என்று என்னிடம் கேட்காதீர்கள். அவர்களுக்குள் அது முடிந்துபோன வழக்கு. இருவருக்கும் வேலை ஒன்றே: ஓர் ஏட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரும் கண்டபடி திறந்து படிக்காமல் பார்த்துக்கொள்வது. அவர்களுக்கு ஓர் உடம்பு வாகு உண்டு. வயிற்றில் ஒரு குழி. அதில் விருந்தாளி யாராவது வந்து உட்கார்ந்தால் கை தானாகத் திறந்துகொள்ளும். விருந்தாளி எழுந்து போனால் தானாக மூடிக்கொள்ளும். மாற்றவே முடியாது.

ஒருநாள் ஒரு பெரிய வீடு, அதாவது பெரிய உயிரணு ஒன்று வந்து இந்தச் சின்ன வீட்டை அப்படியே விழுங்கிவிட்டது. விழுங்கியது சரி, செரிக்கவில்லை. சூடு இதமாக இருக்கிறதே என்று உள்ளேயே குடிவைத்துக்கொண்டது. ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது, அடுப்பு எரிகிற மட்டும் இரு, ஆறிப்போனால் பிரித்துப் போட்டுவிடுவேன் என்று. அதோடு நிற்கவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று ஏடுகளை ஒவ்வொன்றாக உருவித் தன் நடுக்கூடத்துக்கு எடுத்துப்போக ஆரம்பித்தது. கட்டு நாளுக்கு நாள் இளைத்தது. பெரியபிடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் அவர்கள் கையில் இருந்த ஏட்டில் அவர்களுடைய பிறப்பே எழுதியிருந்தது. அது போனால் தங்கள் குலமே போயிற்று என்று பயந்து முன்னைவிட இறுக்கிப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்து அடுப்பு ஆற ஆரம்பித்தது.

காரணம் நெடுவாலர்கள். எண்ணெய்ச் சுவருக்குள்ளேயே ஓடி ஓடி அடுப்புக்கு அடுப்பு நெருப்புப் பொறி தூக்கிப்போகிற கொழுப்புக் கூட்டம் அது. ஆளுக்குப் பத்து முடிச்சு வால். பழைய ஆட்கள் ஓய்ந்துபோனார்கள். புதிதாக வந்தவர்களோ பாதி உருவானதோடு நின்றவர்கள். பொறி அவர்கள் கையில் தங்கவில்லை. சுவரோரத்தில் இரும்பாயி என்றொரு கொல்லச்சி இரண்டு துண்டு இரும்பை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர்கள் தலையில் அவள் ஓர் அடி அடித்தால் போதும், ஆள் தேறிவிடுவான். அதற்குத்தான் வழியில்லை. அவள் தண்ணீர்க்காரி, சுவருக்குள் போக முடியாது. அவர்கள் எண்ணெய்க்காரர்கள், வெளியே தண்ணீரில் வால் பட்டால் சுருண்டு போவார்கள். ஒரு முழ இடைவெளிதான், கடக்க ஆளில்லை. இரும்பாயி அங்குமிங்கும் நடந்தாள். யாருக்காவது வயிற்றில் குழி உண்டா, ஒருத்தனைத் தண்ணீர் படாமல் வைத்துக்கொண்டு தலையை மட்டும் என் பக்கம் காட்ட முடியுமா என்று வீடு முழுக்கக் கேட்டாள். எல்லாரும் சகோதரிகள் பக்கம் திரும்பினார்கள்.

சின்னப்பிடி உடனே கிளம்பினாள். முதுகு ஒட்டியிருந்ததால் ஓரடிகூட நகர முடியவில்லை. பெரியபிடி அசையவே இல்லை. விருந்தாளி உட்கார்ந்தால் கை திறக்கும், கை திறந்தால் ஏடு போகும். இது தெரியாதா உனக்கு என்று தங்கையைத் திட்டினாள்.

"அக்கா, அடுப்பு அணைந்த வீட்டில் ஏட்டை வைத்துக்கொண்டு யாருக்குப் படித்துக் காட்டப் போகிறாய்?" என்று கேட்டாள் சின்னப்பிடி.

அப்போது வெளியே சரசரவென்று சத்தம். பெரிய வீடு, சொன்னபடி பிரித்துப் போட, ஒரு போர்வையை எடுத்து, சின்ன வீட்டைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. பிணத்துக்குக் கோடித்துணி போர்த்துகிற மாதிரி, கால்மாட்டிலிருந்து. குளிர் ஏறியது. பெரியபிடி ஏட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

"நட" என்றாள்.

நடந்தார்கள். சுவரோரம் போய் ஆளுக்கொரு காலை எண்ணெய்க்குள் விட்டு, வயிற்றுக் குழியைத் திறந்தார்கள். பயந்து பயந்து ஒரு நெடுவாலன் வாலை உள்ளே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் உட்கார்ந்த கணமே கைகள் திறந்தன. ஏடு நழுவியது. பெரிய வீட்டு ஆட்கள் அதை எடுத்துப் போவதைப் பெரியபிடி பார்த்துக்கொண்டே நின்றாள். இரும்பாயி அடித்தாள், ஒரே அடி. நெடுவாலன் தேறி, சுவருக்குள் இறங்கி ஓடினான். பொறி போய்ச் சேர்ந்தது. அடுப்பு பிடித்துக்கொண்டது. கழுத்துவரை ஏறியிருந்த போர்வை மெல்ல இறங்கியது.

விருந்தாளி போனதும் கைகள் வழக்கப்படி மூடின. உள்ளே ஒன்றுமில்லை.

பெரியபிடி ஏட்டைத் திருப்பிக் கேட்டாள். கேட்காமல் இருப்பாளா? பெரிய வீடு தரவில்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுத்தது. "உங்கள் ஏட்டை நான் அழிக்க மாட்டேன். அதைப் பார்த்துப் பார்த்து உங்களை என் கூடத்திலேயே உண்டாக்கி, உங்கள் வாசலுக்கு அனுப்பிவைக்கிறேன்." சரி, இல்லை என்று சொல்லக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த நெடுவாலன் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன்.

அன்று முதல்தான் அந்தச் சகோதரிகள் தங்கள் வீட்டுக்குள்ளேயே வெளியாட்கள் போல வாசல் வழியாக வந்து நுழைகிறார்கள். ஒரு கால் எப்போதும் எண்ணெயில். கோக்யூ9 (COQ9) என்று இன்று அவர்களுக்குப் பேர் வைத்து, உருவத்தை உற்றுப் பார்க்கிற அறிவியலாளர்கள், ஏடு பிடிக்கிற சாதிக் கை போல இருக்கிறதே, ஏட்டைக் காணோமே என்று வியக்கிறார்கள். எங்கே போகும்? நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள், சுடுகிறதல்லவா. அதற்குத்தான் பெரியபிடி ஏட்டைக் கொடுத்தாள்.